தன் ஈரலைப் பார்க்கப் போன டேனியல்

பல்லடத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் போகிற தனியார் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் டேனியல் வெளியே பார்க்கவில்லை. சட்டையை லேசாகத் தூக்கி, வலது விலாவுக்குக் கீழே வளைந்து போகிற தழும்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, பஸ்ஸுல என்ன வேலை இது? சட்டையை எறக்குங்க" என்றாள் அனிதா.

"இல்ல புள்ள, மூணு வருசம் கழிச்சுப் பாக்கப் போறேன். அதுக்கு என்னைய அடையாளம் தெரியுமான்னு யோசிக்கிறேன்."

"நீங்கதான் அதைப் பாக்கப் போறீங்க. அது உங்களப் பாக்காது. பேசாம வாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அறுத்து எடுத்த தன் ஈரல் கட்டியைப் பார்க்க ஒரு மனிதன் பெண்டாட்டியோடு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறான் என்று சொன்னால் அவர் நம்பவா போகிறார்?

டேனியலுக்கு நாற்பத்தேழு வயது. திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் கலர் லேப் அவர் பொறுப்பு. வெளிநாட்டுக்காரன் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணித்துண்டை அனுப்பிவைப்பான். ஐந்நூறு கிலோ பின்னல் துணியை அதே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெஷின் ஒரு எண்ணைச் சொல்லும். கடைசியில் டேனியல் துணியை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, "சேப்பு கொஞ்சம் ஏறியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டால் அந்த லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய அத்தனை துணியும், லாரி ஏறாது. முதலாளி மகுடேஸ்வரன் மெஷினோடு சண்டைக்குப் போவாரே தவிர டேனியலோடு போகமாட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனவரைப் படுக்கவைத்து வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் நாட்டு எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. எந்தக் காலத்திலோ உடம்புக்குள் புகுந்து, சத்தம் போடாமல் குடியிருந்த ஹெபடைடிஸ் பி வைரஸின் வேலை என்றார் டாக்டர். ஈரல் என்றதும் தெருவே கூடி அவரைக் குடிகாரனாக்கிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஆள். "குடிக்காமயே பேரு வாங்கிட்டனே" என்று அவர் சிரித்தபோது அனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கட்டியை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன். ஒவ்வொன்றும் சுத்தம்.

போன மாதம் அதே கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது.

"டேனியலுங்களா? நான் டாக்டர் சுபஸ்ரீ, ஆராய்ச்சிப் பிரிவுல இருந்து பேசறனுங்க. உங்க கட்டியை ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாம்னு ஆபரேசன் அப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? இப்ப உடம்பு எப்படியிருக்குன்னு நாலு கேள்வி கேக்கோணும்."

நாலு கேள்விக்கும் டேனியல் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் மேடம், அது இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?"

"எதுங்க?"

"என்ற கட்டி. எனக்குள்ள இருந்ததுங்க."

"இருக்குதுங்க. மெழுகுல பதிச்சுப் பத்திரமா வெச்சிருக்குறோம்."

"நான் அதைப் பாக்க முடியுங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அறுவத்துநாலு பேரோட கட்டி வெச்சிருக்கேனுங்ணா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. எதுக்கும் எங்க கமிட்டியில ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

கமிட்டி சம்மதித்து, ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னது. அந்த வியாழக்கிழமைதான் இந்தப் பஸ் பயணம்.

சுபஸ்ரீ குன்னத்தூர்ப் பக்கம். தோட்டங்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, மாட்டு டாக்டராகப் போகிறேன் என்று கிளம்பி, எப்படியோ புற்றுநோய் ஆராய்ச்சியில் வந்து நின்றவர். டேனியலைவிட ஆறேழு வயது இளையவர். வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். லேபில் டெக்னீசியன் சகாயராஜ் இருந்தார். நாகர்கோவில்காரர். "வாங்க அண்ணாச்சி, ஒங்களத்தான் காலையிலேர்ந்து எதிர்பாத்துட்டு இருக்கோம்" என்று ஒரு சின்ன மெழுகு வில்லையை எடுத்து டேனியலின் உள்ளங்கையில் வைத்தார். பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு.

டேனியல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா? இதுக்கா நான் அத்தனை ஜெபம் பண்ணுனேன்?"

"ஜெபத்தை அளந்தா பண்ணுவாங்க?" என்றாள் அனிதா.

சகாயராஜ் விளக்கினார். இந்த மெழுகிலிருந்து தலைமயிரைவிட மெல்லிசாக ஒரு சீவல் சீவி, கண்ணாடி வில்லையில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். சாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் டேனியல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சாயமுங்க?"

"ரெண்டு உண்டு அண்ணாச்சி. ஒண்ணு நீலம். அது செல்லு எங்கெங்க இருக்குன்னு காட்டுறதுக்கு மட்டும். ஏதோ ஒரு வெளிநாட்டு மரத்துக் கட்டையிலேர்ந்து எடுக்குதது. படிகாரம் சேத்தாத்தான் பிடிக்கும்."

"படிகாரமா!" டேனியல் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டயா புள்ள? டாக்டருங்களும் படிகாரம் போட்டுத்தான் சாயம் ஏத்தறாங்க. நம்ம சோலிதான் இது."

"இன்னொண்ணு காவிப் பழுப்பு. நாங்க தேடுத சாமான் எங்க இருக்கோ அங்க மட்டும் அது பிடிக்கும்."

அந்தச் சாமான் என்னவென்று சுபஸ்ரீ சொன்னார். வளர்ச்சிக் காரணி. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு 'வளரு, பெருகு' என்று சொல்லியனுப்ப உடம்பு தயாரிக்கிற புரதம். புற்றுக்கட்டி அதை அளவில்லாமல் சுரந்து, தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

"அப்ப அது கெட்டதுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்ணா. உங்க ஈரல்ல மூணுல ஒரு பங்கு வெட்டி எடுத்தாங்களே, ஆறு மாசத்துல அது மறுபடி வளந்துச்சுல்ல? அதை வளத்ததும் இதே கூட்டந்தான். அது வேலைக்காரன் மாதிரி. நல்லவன் கூப்பிட்டாலும் போவான், திருடன் கூப்பிட்டாலும் போவான்."

டேனியல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. சகாயராஜ் ஒரு திருகைத் திருப்பினார். சட்டென்று விரிந்தது.

நீலப் புள்ளிகள் ஆயிரமாயிரமாக மொய்த்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றிக் காவிப் பழுப்பு, சில இடத்தில் டீத்தூள் போல அடர்த்தியாக, சில இடத்தில் புகை போல. தன்னைக் கொல்ல வந்த பொருள் என்பதையே டேனியல் மறந்துபோனார். பத்து நிமிடம் தலையைத் தூக்கவில்லை.

"நெம்ப நல்லா ஏறியிருக்குதுங்க" என்றார். "ஆழமான ஷேடு."

சகாயராஜ் திருகிலிருந்து கையை எடுத்தார். டேனியல் நிமிர்ந்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"ஆழமா இருந்தா என்னங்க அர்த்தம்?"

சுபஸ்ரீ கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத முகம். "சுழியத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க் போடுவமுங்க. ரெண்டு டாக்டருங்க தனித்தனியாப் பாத்துப் போடுவாங்க. உங்களுது மூணு. மூணு இருக்கறவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு சித்தெ அதிகமோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தானுங்க. பி வைரஸ்னால வந்த கட்டியில எல்லாம் ஆழமா இருக்கு, மத்ததுல வெளுப்பா இருக்கு. அதைத்தான் அடுத்த வாரம் கட்டுரையா அனுப்பப் போறேன். ஆனா இது ஆராய்ச்சிங்ணா. உங்களுக்கு முக்கியம் உங்க ஸ்கேன். அது சுத்தமா இருக்கு."

அனிதா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

டேனியல் இன்னொரு வில்லையைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். அது வெளுப்பு. குடியால் ஈரல் கெட்டுப்போன யாரோ ஒருவருடையது. அதைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார். மறுபடி அதை. பிறகு இரண்டு கண்ணாடிகளையும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலை தானாகச் சாய்ந்தது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இது ரெண்டும் வேற வேற லாட்டுங்க."

"புரியலீங்ணா."

"ஒரே நாளு போட்ட சாயமில்ல. நீலத்தைப் பாருங்க. நீலம் செல்லைக் காட்டறதுக்கு மட்டுந்தான், நோய்க்கும் அதுக்கும் சம்மந்தமில்லைன்னு இவரு சொன்னாரு. அப்பக் குடிச்சவனுக்கும் குடிக்காதவனுக்கும் நீலம் ஒரே மாதிரியில்ல இருக்கோணும்? இதுல சுத்த நீலம். என்றதுல சேப்பு ஏறி ஊதா அடிக்குது. நீலமே மாறியிருந்தா, பழுப்பு மட்டும் மாறாம இருக்குமுங்களா?"

சுபஸ்ரீ வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. சகாயராஜுக்கும் அப்படியே.

"அண்ணா" என்றார் சுபஸ்ரீ மெதுவாக. அந்தக் குரலிலேயே டேனியலுக்கு விளங்கிவிட்டது. பயந்துபோன நோயாளியிடம் பேசுகிற குரல் அது. "இதை மனசுல போட்டுக் கொழப்பிக்காதீங்க. நான் காட்டியிருக்கவே கூடாது. சாப்பிட்டு வாங்க, பேசுவோம்."

கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அனிதா சொன்னாள்: "விடுங்க. மூணோ முப்பதோ, ஸ்கேன் நல்லாருக்குதுல்ல?"

"நீயும் நான் பயத்துல சொல்றேன்னு நெனைக்கிறயா?"

அவள் தன் அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். பொய் சொல்வதைவிட அது மேல் என்று நினைத்திருப்பாள்.

டேனியலுக்கே அந்த இடத்தில் ஒரு குடைச்சல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக நம்பிய கண். ஆனால் இந்த ஒரு தடவை கண்ணுக்குப் பின்னால் ஆசையும் உட்கார்ந்திருக்கிறது. தன்னுடையது வெளுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் ஷேடு பார்க்கலாமா? கம்பெனியில் இப்படி வந்தால் என்ன செய்வோம்? துணி எந்தப் பார்ட்டியுடையது என்பதை மறைத்துவிட்டுப் பார்ப்போம். அவ்வளவுதானே!

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"மேடம், ஒரே ஒரு சோதனை" என்றார் லேபுக்குள் வந்து. "அறுவத்துநாலு கண்ணாடியையும் எடுங்க. பேரு, நம்பரு எல்லாத்தையும் டேப் போட்டு ஒட்டிருங்க. எனக்கு ஒரு வெள்ளைத் தாளும் இந்த ஜன்னலும் போதும். நான் லாட் பிரிச்சுத் தர்றேன். சரியா வரலீன்னா, பயந்தாங்கொள்ளின்னு ஒத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிர்றேன்."

சுபஸ்ரீ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சகாயராஜைப் பார்த்தார். சகாயராஜ் ஏற்கெனவே டேப்பைக் கிழிக்க ஆரம்பித்திருந்தார்.

எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். டேனியல் அதைத் தள்ளிவைத்தார். "இது மஞ்சள் லைட்டு. இதுல பாத்தா எருமையும் சேப்பாத்தான் இருக்கும்." வடக்குப் பார்த்த ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளை விரித்து, கண்ணாடிகளை வரிசையாகப் பரப்பினார். நுனிவிரலால் ஒன்றை நகர்த்துவார், இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார், திரும்ப எடுப்பார். "பக்கத்துல வெச்சுப் பாக்காத கலரு, கலரே இல்லீங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அனிதா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் புருஷன் வேலை செய்வதைப் பார்த்தாள். வீட்டில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மனிதரா இவர் என்று இருந்தது அவளுக்கு.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு குவியல் ஆனது. இடதில் முப்பத்துமூன்று. வலதில் முப்பத்தொன்று.

சகாயராஜ் பதிவேட்டைத் திறந்தார். தை மாதம் சாயம் ஏற்றியவை முப்பத்துநான்கு, பெரும்பாலும் மற்ற நோயாளிகளுடையவை. ஆனி மாதம் ஏற்றியவை முப்பது, எல்லாம் பி வைரஸ்காரர்களுடையவை. ஒவ்வொன்றாக டேப்பை உரித்து எண்ணைப் படித்தார். இடது குவியல் முழுவதும் தை. வலதில் ஒன்று ஆனி, இரண்டு ஆனி, பத்து ஆனி. படிக்கப் படிக்க சுபஸ்ரீ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முப்பதும் ஆனி. கடைசி ஒன்று மட்டும் தை.

"ஒண்ணே ஒண்ணு தப்பு" என்றார் சுபஸ்ரீ. "அறுவத்துநாலுல ஒண்ணு."

டேனியல் அந்த ஒன்றை எடுத்து மறுபடி பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இல்லீங்க மேடம். இது அந்த லாட்டுதான். புஸ்தகத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி, இது ஊதா."

சகாயராஜ் எண்ணை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்ததைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம்! இது பதினேழாம் நம்பரு. தையில போட்டது கீழ விழுந்து ஒடைஞ்சு போச்சு. ஆனியில மறுபடி சீவி, ரெண்டாவது செட்டோட சேத்துத்தான் சாயம் ஏத்துனேன். மெயின் எண்ட்ரிய மாத்தல!"

முதலில் சிரித்தது அனிதாதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சகாயராஜ் டேனியலின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, ஒங்க கண்ணுல என்ன மெஷினா வச்சிருக்கீய?"

"தண்ணி மாத்துனீங்களா?" என்று கேட்டார் டேனியல். "திருப்பூர்ல ஷேடு மாறுச்சுன்னா மொதல்ல தண்ணியத்தான் கேப்போம்."

மாற்றியிருந்தார்கள். வைகாசியில் குழாய் வேலை நடந்தபிறகு, கழுவுகிற தண்ணீர் உப்பை நீக்குகிற ஆர்.ஓ. மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீலம் தெளிவதற்குக் குழாயில் வருகிற, கொஞ்சம் காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீர்தான் வேண்டும். அது இல்லாததால் ஊதாவாகவே நின்றுவிட்டது. அதே நேரத்தில் பழுப்புச் சாயத்துக்கும் புதுப் புட்டி திறந்திருந்தார்கள். பழைய புட்டியைவிட அது வீரியம். ஒவ்வொரு கண்ணாடியையும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் பார்த்த டாக்டர்கள் கண்ணுக்கு இது படவில்லை. அறுபத்துநாலையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி யாரும் பார்த்ததில்லை.

சுபஸ்ரீ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஒன்றரை வருட உழைப்பு. டேனியலுக்குத் திடீரென்று சங்கடமாகிவிட்டது. ஒறம்பரையாக விருந்துக்கு வந்த இடத்தில் வீட்டையே இடித்துவிட்டோமோ என்று தோன்றியது.

"மேடம், நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும்."

சுபஸ்ரீ திரும்பினார். முகத்தில் அழுகை இல்லை. ஆச்சரியந்தான் இருந்தது. "ஏனுங்ணா இப்படிச் சொல்றீங்க? அடுத்த வெள்ளிக்கெழம அனுப்பியிருப்பேன். ஊரே படிச்சிருக்கும். அப்பறம் எவனோ ஒருத்தன் கண்டுபிடிச்சு, பேரு நாறியிருக்கும். கட்டுரை போனாப் போகுது. மெழுகு இருக்குதுல்ல? எங்கப்பா சொல்வாரு, விதை கையில இருக்கற வரைக்கும் வெள்ளாமை போயிருச்சுன்னு சொல்லாதேன்னு. மறுபடி போடுவோம். அறுவத்துநாலும் ஒரே நாளு, ஒரே புட்டி, ஒரே தண்ணி."

"அப்படிப் போடுங்க" என்றார் டேனியல். "ஒவ்வொரு கண்ணாடியிலயும், ஒப்பிட்டுப் பாக்க ஒரே ஈரல்ல எடுத்த ஒரு ஸ்டேண்டர்ட் துண்டையும் சேத்து ஒட்டிருங்க. அது எல்லாத்துலயும் ஒண்ணு போல வந்தாத்தான் லாட் பாஸ்."

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, அது நடந்தது. டேனியல் லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்த்துக்கொண்டது. தட்டு தட்டாகக் கண்ணாடிகள் சாயத்தில் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலத்தைக் கழுவுகிற கட்டம் வந்ததும் சகாயராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஊதா மெல்லத் தெளிந்து, அறுபத்துநாலு துணுக்குகளும் ஒரே மாதிரி ஆழ்ந்த நீலமாயின.

"பாஸா அண்ணாச்சி?"

"லாரி ஏத்துங்க" என்றார் டேனியல்.

மார்க் போட்ட இரண்டு டாக்டர்களுக்கும் யாருடையது எது என்று தெரியாது. முடிவு வந்தபோது சுபஸ்ரீ போனில் கூப்பிட்டார். டேனியல் கலர் லேபில் நின்றுகொண்டிருந்தார். பி வைரஸ்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக, சாயம் ஒரே சீராக ஏறிய பிறகுதான் கண்ணுக்குப் பட்ட வேறொன்று இருந்தது. பல கட்டிகளில் நடுப்பகுதியைவிட ஓரத்தில், நல்ல ஈரலை அது முட்டுகிற எல்லையில், பழுப்பு அழுத்தமாக இருந்தது. அறுபத்துநாலு பேரை வைத்து இதை அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்றார் சுபஸ்ரீ. ஆனால் அவர் குரல் துள்ளியது. பத்து வருடத்துக்கு வேலை கிடைத்துவிட்டதுங்ணா என்றார்.

"என்றது என்னங்க மேடம்?"

"ரெண்டு."

"ஒண்ணு இல்லீங்களா?"

"இல்லீங்ணா. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு."

மூன்று இரண்டாகத்தான் இறங்கியிருந்தது, ஆசைப்பட்ட ஒன்றாக இல்லை. டேனியல் சிரித்துவிட்டார். தன் கண் ஆசைக்கு வளைந்துகொடுக்கவில்லை, உள்ளதைத்தான் பார்த்திருக்கிறது. அது போதும் என்று இருந்தது. "மீடியம் ஷேடு. நமக்கு ஒத்து வர்ற கலருதானுங்க" என்றார். அந்த வாரமே எடுத்த ஸ்கேனும் சுத்தமாக வந்தது. அனிதா கோதுமை மாவில் பணியாரம் சுட்டு, அவரைக் குடிகாரன் என்று சொன்ன தெருவுக்கே கொடுத்தாள்.

இதன் பிறகுதான் சுபஸ்ரீக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவர் வந்து பார்த்ததற்கே இப்படி என்றால், எல்லோரையும் ஏன் கூப்பிடக் கூடாது? மறுபடி கமிட்டி, மறுபடி கடிதங்கள். வரச் சம்மதம் என்று அவரவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அறுபத்துநாலு பேரில் நாற்பத்திரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். இருபத்தேழு பேர் குடும்பத்தோடு வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரியின் பெரிய வகுப்பறை கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், சூலூரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள், பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கும் பிஹார்க்காரர் ஒருவர் என்று வந்திருந்தார்கள். முதலில் ஆளுக்கொரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன்னைப் போலவே சட்டைக்குள் ஒரு வளைந்த தழும்பை வைத்திருக்கிற இன்னொரு ஆளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. டீச்சர் ஒருவர் துணிந்து, "உங்களுக்கும் மழைக்காலத்துல அரிக்குதுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டதுதான் தாமதம், சத்தம் கூரையைத் தொட்டது.

இறந்துபோன இருபத்திரண்டு பேரின் கண்ணாடிகள் தனித் தட்டில் இருந்தன. டேனியல் அந்தத் தட்டின் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றார். முதல் தடவை லாட் பிரிக்கும்போது அவர் விரல் பட்ட பழைய கண்ணாடிகளும் அதில் இருந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். அவர் உதடு மட்டும் அசைந்தது. பிறகு திரும்பி வந்து கூட்டத்தில் கலந்துகொண்டார்.

மைக்ராஸ்கோப் அருகில் நின்று ஒவ்வொருவருக்கும் எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை அவருக்கு. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த சாமியாத்தாள் முறை வந்தது. சின்ன வெங்காயம் போடுகிற அம்மா. கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"சாமி" என்றார் கடைசியில், டேனியல் பக்கம் திரும்பி. "இத்தனை அழகா இருக்குதே, இதையா பெரிய எமன்னு சொல்லி வெட்டிப் போட்டாங்க?"

"அழகா இருந்தாலும் ஆகாததுங்க அம்மா."

"அதுஞ் சரிதான். என்ற மூத்த மாப்பிள்ளையும் அப்படித்தான்."

மூத்த மாப்பிள்ளை பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வகுப்பறையே அதிர்ந்தது. அதிகம் சிரித்தவர் அந்த மாப்பிள்ளைதான். பிஹார்க்காரருக்குப் புரியவில்லை. ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் அரைகுறை இந்தியில் விளக்கினார். விளக்கி முடித்ததும் பிஹார்க்காரர் தனியாக ஒருமுறை சிரித்தார். அதைப் பார்த்து எல்லோரும் இரண்டாம் முறை சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுபஸ்ரீ எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வரிக்கு மேல் பேச வரவில்லை. அனிதா எழுந்துபோய் அவர் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் எட்டுப் பேர் ஒன்றாகப் பல்லடம் பஸ்ஸில் ஏறினார்கள். சத்தம் தாங்காமல் கண்டக்டர் வந்து, "என்னங்க, கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா கண்ணு" என்றார் சாமியாத்தாள். "நல்ல விருந்து."

இறங்குவதற்கு முன்னால் அவர், தன் காட்டுக்கு ஒருநாள் வர வேண்டும் என்று டேனியலிடமும் அனிதாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர்கள் இருவரும் தாராபுரம் போனார்கள். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த காட்டில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அனிதா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலிருந்து இறங்கினாள். டேனியல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்து, வெங்காயத்தாளைப் பிடித்து இழுத்தார். பொலபொலவென்று ஈர மண்ணோடு ஒரு கொத்து வெங்காயம் கையோடு வந்தது.